கள்ளத்தட்டு: நோர்தேர்ன் சோல் இசையின் மறுபக்கம்

2020இல் இங்கிலாந்தில் ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்று ஒரு இலட்சம் பவுணுக்குக் கைமாறியது. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பாட்டு. அதில் எல்லாரும் தேடுகிற பாட்டு மூன்று நிமிடம்கூட ஓடாது. பெயர் ‘டூ ஐ லவ் யூ’. பாடியவர் ஃபிராங்க் வில்சன். தட்டு விற்கப்பட்டபோது அவர் இறந்து எட்டு வருடம். உயிரோடு இருந்திருந்தாலும் அந்தக் காசில் ஒரு சதம்கூட அவருக்குப் போயிருக்காது. பழைய தட்டு விற்கும்போது விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில்தான் காசு ஓடும்.

இதே பாட்டை 1970களின் பிற்பாதியில் இங்கிலாந்தின் வடக்கில் ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள் சில்லறைக் காசுக்கு வாங்கினார்கள். அவர்கள் வாங்கிய தட்டில் பாடகரின் பெயர் எடி ஃபொஸ்டர் எண்டு அச்சடிச்சிருந்தது. அது கள்ளத்தட்டு. பாட்டு உண்மை, பெயர் பொய், அடிச்சவன் ஆரெண்டு தட்டில் இல்லை.

ஒரே பாட்டு. ஒன்று வீடு வாங்கும் விலைக்குப் போகுது, மற்றது பழைய தட்டுப் பெட்டியில் கிடக்குது. இந்த இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது எண்டதுதான் இந்தக் கட்டுரை. தட்டு சேர்க்கிற விசர் பிடிச்சவர்களுக்கு மட்டுமான கதை போலத் தெரியலாம். ஆனால் ஒரு படைப்பு ஆருக்குச் சொந்தம், அதைப் படைச்சவரின் பெயர் எப்படித் தொலையுது, எப்படித் திரும்பக் கிடைக்குது எண்டது எங்களுக்கும் உரிய கேள்விதான்.

எந்த வடக்கு?

வடக்கு எண்டதும் எங்களுக்கு வேறொரு வடக்குத்தான் ஞாபகம் வரும். இது இங்கிலாந்தின் வடக்கு. மன்செஸ்டர், போல்டன், விகன், பிளக்பூல், கொஞ்சம் கீழே இறங்கினால் ஸ்டோக், வுல்வர்ஹம்டன். பஞ்சாலை, நிலக்கரிச் சுரங்கம், மட்பாண்டத் தொழிற்சாலை எண்டு வேலை செய்து களைச்ச ஊர்கள்.

மன்செஸ்டரில் 1963இல் ‘ட்விஸ்டட் வீல்’ என்ற இளைஞர் கிளப் தொடங்கியது. சனிக்கிழமை இரவு தொடங்கினால் ஞாயிறு காலைவரை ஆட்டம். அங்கே போட்டது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை. குறிப்பாக டெட்ரோயிட் நகரத்தின் மோட்டவுன் நிறுவனம் வெளியிட்ட, வேகமான தாளமுள்ள பாட்டுகள். 1960களின் கடைசியில் அமெரிக்காவில் ரசனை மாறிவிட்டது. சோல் இசை ஆறுதலாகவும் கனமாகவும் ஃபங்க் பக்கம் போனது. லண்டன்காரர் அதன் பின்னால் போனார்கள். வடக்கத்தையார் மட்டும் போகவில்லை. அவர்களுக்கு 1965, 1966 காலத்து வேகப் பாட்டுத்தான் வேணும்.

லண்டன் கொவன்ட் கார்டனில் டேவ் கொடின் என்ற எழுத்தாளர் ‘சோல் சிற்றி’ என்ற தட்டுக்கடை நடத்தினார். உதைபந்தாட்டம் பார்க்க லண்டனுக்கு வந்த வடக்குப் பெடியள் கடைக்கு வந்து, புதிய தட்டுகளைத் திரும்பியும் பார்க்காமல் பழைய வேகப் பாட்டுகளைக் கேட்டார்கள். வேலையாட்களுக்கு விளங்கட்டும் எண்டு 1968 அளவில் கொடின் அதற்கு ஒரு பெயர் வைத்தார்: ‘நோர்தேர்ன் சோல்’. 1970இல் ‘புளூஸ் அன்ட் சோல்’ சஞ்சிகையில் அவர் எழுதிய பத்தி மூலம் அந்தப் பெயர் பரவியது. ஆக இந்தப் பெயர் பாட்டு பிறந்த இடத்தைச் சொல்லவில்லை, கேட்டவர்களின் இடத்தைச் சொல்லுது. அமெரிக்காவில் பாடியவர்களுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே கனகாலம் தெரியாது.

1971இல் ட்விஸ்டட் வீல் மூடப்பட்டது. பிறகு ஸ்டோக்கில் ‘கோல்டன் டோர்ச்’, பிளக்பூலில் ‘மெக்கா’, கடைசியில் எல்லாவற்றையும் விடப் பெயர்பெற்ற ‘விகன் கஸினோ’. 1973 செப்டெம்பர் 23ஆம் திகதி தொடங்கி 1981 டிசம்பர் 6ஆம் திகதி வரை நடந்தது. அதிகாலை 2 மணிக்குக் கதவு திறக்கும், 8 மணிக்கு மூடும். மதுபானம் விற்க மாட்டார்கள். வழுக்கி ஆட வசதியாகத் தரையில் டல்கம் பவுடர் தூவுவார்கள். தோளில் ஒரு விளையாட்டுப் பை, அதுக்குள் மாற்றுடுப்பு. கிழமை முழுக்க ஆலையில் வேலை, கிழமை முடிவில் ஆறு மணித்தியால ஆட்டம். தூங்காமல் ஆட மாத்திரை போட்டவர்களும் இருந்தார்கள், அதையும் மறைக்கத் தேவையில்லை.

தோற்ற பாட்டுகள்

இந்த இசையின் விசித்திரம் இதுதான்: வெற்றிபெற்ற பாட்டுக்கு இங்கே மதிப்புக் குறைவு. ஊரெல்லாம் தெரிந்த பாட்டை எந்த டீஜேயும் போடலாம். ஆருக்கும் தெரியாத பாட்டைப் போடுகிறவனுக்குத்தான் பெயர். அப்படிப்பட்ட பாட்டுகள் எங்கே கிடைக்கும்? தோற்றுப்போன பாட்டுகளின் குவியலில்.

1960களில் டெட்ரோயிட், சிக்காகோ, பிலடெல்பியா போன்ற நகரங்களில் சின்னச் சின்ன இசைத்தட்டு நிறுவனங்கள் ஏராளம். மோட்டவுனும் அப்படித் தொடங்கியதுதான். பெரி கோர்டி 1959இல் குடும்பத்திடம் 800 டொலர் கடன் வாங்கித் தொடங்கினார். அவர் வென்றார். அவரைப் பார்த்துத் தொடங்கிய பலர் தோற்றார்கள். டெட்ரோயிட்டின் கோல்டன் வேர்ல்ட், ரிக்-டிக் நிறுவனங்கள் நல்ல பாட்டுகள் போட்டன. மோட்டவுன் வாத்தியக்காரர்களே களவாக வந்து அங்கே வாசித்தார்கள். கடைசியில் அவற்றையும் கோர்டியே வாங்கிவிட்டார்.

ஒரு தட்டு வெல்வதற்கு நல்ல பாட்டு மட்டும் போதாது. வானொலியில் போடவேணும், மொத்த வியாபாரி எடுக்கவேணும், கடைக்காரர் காசைத் திருப்பித் தரவேணும். இதில் ஒன்று பிழைத்தாலும் சில நூறு தட்டு அடிச்சதோடு கதை முடிஞ்சுது. மிஞ்சினது களஞ்சிய அறைகளில் கிடந்தது, மொத்தமாகக் கழிவு விலைக்குப் போனது.

வியாபாரத் தோல்வி மட்டும் காரணமில்லை. ஜோ வொன் பற்றில் என்பவர் டெட்ரோயிட்டின் ஹேஸ்டிங்ஸ் வீதியில் தட்டுக்கடையும் ஒலிப்பதிவு அறையும் வைத்திருந்தார். அரீதா ஃபிராங்க்ளின் சிறுமியாகப் பாடிய தேவாலயப் பாட்டுகளைப் பதிந்து வெளியிட்டவர் அவர். நெடுஞ்சாலை போட வேணும் எண்டு அந்த வீதியையே இடித்தார்கள். அவர் 12ஆம் வீதிக்கு இடம்பெயர்ந்தார். 1967 ஜூலையில் அந்த 12ஆம் வீதியில்தான் டெட்ரோயிட் கலவரம் வெடித்தது. 43 பேர் செத்தார்கள். கடை சூறையாடப்பட்டு எரிந்தது. எரியாத ஒலிநாடாக்கள் தீயணைப்புத் தண்ணீரில் ஊறி அழிந்தன. நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆக, ஒரு தட்டு ‘அரிது’ எண்டு சொல்லும்போது அதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு இழப்பு இருக்கு. டரெல் பாங்ஸ் பாடிய ‘ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்’ 1966இல் அமெரிக்காவில் நன்றாக ஓடியது. பிரித்தானியாவில் லண்டன் என்ற நிறுவனம் அதைத் தன் பெயரில் அடிச்சது. ஆனால் உரிமை வேறொரு நிறுவனத்திடம் போனதால் அடிச்ச தட்டுகளை அழிச்சுவிட்டார்கள். தப்பிய ஒரு தட்டு 2014இல் 14,543 பவுணுக்கு ஏலம் போனது. டரெல் பாங்ஸோ 1970இலேயே டெட்ரோயிட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பெயரை மூடுதல்

1970களில் டீஜேக்கள் அமெரிக்காவுக்கே போய்த் தேடத் தொடங்கினார்கள். பிளக்பூல் மெக்காவின் இயன் லெவின் மயாமியில் ஆயிரக்கணக்கில் அள்ளினார். ரிச்சர்ட் சேர்லிங் 1973இல் அமெரிக்காவில் எடுத்த தட்டுகளில் ஒன்று குளோரியா ஜோன்ஸ் பாடிய ‘டெயின்டட் லவ்’. அது ஒரு தட்டின் பின்பக்கப் பாட்டு, வெளிவந்தபோது ஆரும் கவனிக்கவில்லை. வடக்கின் ஆட்ட அறைகளில் அது பெரும் பாட்டாகி, 1981இல் சோஃப்ட் செல் குழு திரும்பப் பாடி பிரித்தானியத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. உலகத்துக்குத் தெரிந்தது அந்த இரண்டாவது வடிவம்தான்.

கஷ்டப்பட்டுத் தேடி எடுத்த பாட்டை அடுத்த கிழமை அடுத்த ஊர் டீஜே போட்டால் என்ன செய்யிறது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தட்டின் நடுவில் உள்ள லேபலுக்கு மேல் ஒரு வெள்ளைக் கடதாசியை ஒட்டி, இல்லாத ஒரு பாடகர் பெயரையும் இல்லாத ஒரு பாட்டுப் பெயரையும் எழுதினார்கள். இதைக் ‘கவர்-அப்’ என்பார்கள். எட்டிப் பார்க்கிறவன் அந்தப் பொய்ப் பெயரைக் குறிச்சுக்கொண்டு போய் வருடக்கணக்கில் தேடுவான். கிடைக்கவே கிடைக்காது.

இது வடக்கத்தையாரின் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. 1950களில் ஜமெய்க்காவின் சவுண்ட் சிஸ்டம்காரர்கள் அமெரிக்கத் தட்டுகளின் லேபலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுவார்கள். கொக்ஸோன் டொட் ‘கொக்ஸோன் ஹொப்’ எண்டு தன் பெயரிலேயே போட்டுப் பெருமைப்பட்ட பாட்டு, வில்லிஸ் ஜக்சன் என்ற அமெரிக்கரின் ‘லேற்றர் ஃபோர் த கேற்றர்’. போட்டியாளரான டியூக் ரீட் அதைக் கண்டுபிடித்து, டொட்டுக்கு முன்னாலேயே போட்டு அவரின் முகத்தில் கரி பூசினார்.

இதில் ஒன்றை யோசிக்கவேணும். இந்த டீஜேக்கள் அந்தப் பாட்டை உயிராக நேசித்தார்கள். ஆனால் அதைக் காப்பாற்ற அவர்கள் மறைச்ச முதல் விசயம் பாடியவரின் பெயர்.

கள்ளத்தட்டு வந்த வழி

விகனில் ஆயிரம் பேர் ஒரு பாட்டுக்கு ஆடுகிறார்கள். அதன் உண்மைத்தட்டு நாட்டிலேயே ஒன்றோ இரண்டோதான். மிச்சப்பேர் வீட்டில் எப்படிக் கேட்பது? அந்த இடைவெளியில்தான் கள்ளத்தட்டு முளைத்தது. ஒரு நல்ல கொப்பியிலிருந்து ஒலியை எடுத்து, புதிதாக அச்சு வார்த்து, சில நூறோ ஆயிரமோ அடிச்சு, கிளப் வாசலிலும் தபாலிலும் விற்றார்கள். சேகரிப்பவர்கள் இவற்றைச் சும்மா ‘பிரெஸிங்’ எண்டார்கள். கள்ளம் எண்ட சொல்லைச் சொல்லாமல் சொல்ல ஒரு சொல்.

சட்டத்திலும் ஓட்டை இருந்தது. அமெரிக்காவில் 1972 பெப்ரவரி 15ஆம் திகதிக்கு முன் பதிந்த ஒலிப்பதிவுகளுக்கு மத்திய அரசின் பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்புத் தரவில்லை. பாட்டெழுதியவருக்கு உரிமை இருந்தது. பதிந்த ஒலிக்கு மாநிலச் சட்டங்கள் மட்டும்தான். நோர்தேர்ன் சோலின் பொற்காலப் பாட்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே அந்தத் திகதிக்கு முந்தியவை. அதைவிட, நிறுவனம் மூடி, முதலாளி செத்து, ஒலிநாடா தொலைந்த பாட்டுக்காக ஆர் நீதிமன்றம் போவார்?

ஃபிராங்க் வில்சன் கதைக்குத் திரும்புவம். 1965இல் மோட்டவுனுக்காக அந்தப் பாட்டைப் பாடினார். வானொலிகளுக்கு அனுப்ப மாதிரித் தட்டுகள் அடிச்சாயிற்று. அந்த நேரம் பெரி கோர்டி அவரிடம், பாடகராக இருக்கப்போறியா அல்லது தயாரிப்பாளராகவா எண்டு கேட்டதாகவும், வில்சன் தயாரிப்பைத் தெரிவு செய்ததாகவும் சொல்லப்படுகிறது. தட்டுகள் அழிக்கப்பட்டன. வில்சன் பிறகு சுப்ரீம்ஸ் குழுவுக்கும் எடி கென்ட்ரிக்ஸுக்கும் பெரிய வெற்றிப் பாட்டுகள் தயாரித்தார். தப்பிய தட்டுகளை விரல்விட்டு எண்ணலாம்.

அதில் ஒன்று 1970களின் பிற்பாதியில் மோட்டவுனின் களஞ்சியத்திலிருந்து ஒரு தட்டு வியாபாரியின் கைக்குப் போனது. எடி ஃபொஸ்டர் என்ற பெயரில் பாட்டு வெளியே வந்தது. விகனில் ரஸ் வின்ஸ்டன்லி அதைப் போட்டார், கூட்டம் பைத்தியமானது. இதிலுள்ள வேடிக்கை, எடி ஃபொஸ்டர் எண்டு உண்மையிலேயே ஒரு பாடகர் இருந்தார். அவரும் ‘ஐ நெவர் நியூ’ எண்டு ஒரு நல்ல நோர்தேர்ன் சோல் பாட்டுப் பாடியவர். ஒருவரின் குரலை எடுத்து இன்னொருவரின் பெயரில் விற்றாச்சு. இரண்டு பேருக்கும் அதில் ஒரு பங்குமில்லை.

உண்மை வெளிவந்தபின் 1979இல் பிரித்தானிய டம்லா மோட்டவுன் நிறுவனம் அந்தப் பாட்டை ஃபிராங்க் வில்சன் பெயரிலேயே முறைப்படி வெளியிட்டது. உண்மைத்தட்டோ 2009இல் 25,742 பவுணுக்கும் 2020இல் இலட்சத்துக்கும் போனது.

தட்டை வாசிப்பது எப்படி?

இவ்வளவு காசு புழங்கும் இடத்தில் கள்ளம் எது உண்மை எது எண்டு கண்டுபிடிக்கிறது ஒரு தனிக்கலையாக வளர்ந்தது. அதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேணும், ஏனெண்டால் இது அப்படியே வரலாற்று மாணவர் ஆவணம் பார்க்கிற முறைதான்.

முதலில் தட்டு எப்படிப் பிறக்குது எண்டு தெரியவேணும். ஒலிநாடாவிலிருந்து மெழுகு போன்ற பூச்சுள்ள ஒரு தகட்டில் கோடு வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுப்பார்கள். அந்த அச்சால் தட்டுகளை அடிப்பார்கள். கள்ளத்தட்டுக்காரனிடம் ஒலிநாடாவும் இல்லை, பழைய உலோக அச்சும் இல்லை. அவன் ஒரு தட்டை ஓடவிட்டு, அதன் சத்தத்தைத் திரும்பப் பதிந்து, புதுத் தகடு வெட்டி, புது அச்சு செய்யவேணும். எல்லாச் சோதனையும் இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்துதான் வருது.

முதலாவது சோதனை ‘டெட் வக்ஸ்’. பாட்டு முடியும் இடத்துக்கும் லேபலுக்கும் இடையில் ஒரு வெறும் வளையம் இருக்கும். தட்டை வெளிச்சத்தில் சரிச்சுப் பிடிச்சால் அதில் சின்ன எழுத்துகள் தெரியும். தகடு வெட்டியவர் கையால் கீறிய இலக்கங்கள், தொழிற்சாலை குத்திய முத்திரைகள். நியூயோர்க்கின் பெல் சவுண்ட் ஸ்ரூடியோவில் வெட்டிய தட்டில் அந்தப் பெயர் இயந்திரத்தால் குத்தப்பட்டிருக்கும். லொஸ் ஏஞ்சலிஸின் மொனார்க் தொழிற்சாலை ஒரு முக்கோணக் குறியும் பக்கத்தில் ஒரு தொடர் இலக்கமும் கீறும். அந்த இலக்கம் வருடத்தோடு கூடிக்கொண்டு போனதால், தட்டு எந்தக் காலத்தில் செய்தது எண்டு கணக்குப் பார்க்கலாம். மிச்சிகனின் ஒவோஸோ என்ற ஊரில் மோட்டவுனுக்குத் தட்டு அடிச்சுக் கொடுத்த தொழிற்சாலைக்கும் தன் முத்திரை இருந்தது. 1972இல் அந்தத் தொழிற்சாலை எரிந்துபோனது. முத்திரையும் அதோடு முடிஞ்சுது. உண்மைத்தட்டில் குத்திய முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் வெறுமையோ, கையால் கீறிய கோணல் எழுத்தோ இருந்தால் சந்தேகப்படு.

கல்வெட்டு வாசிக்கிறவர் எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் சொல்லுவார் இல்லையா? இது பிளாஸ்ரிக்கில் செய்யிற அதே வேலைதான்.

இரண்டாவது, பொருள். 1960களின் அமெரிக்கச் சிறுதட்டுகள் இரண்டு விதப் பிளாஸ்ரிக்கில் வந்தன. வைனில் வளையும். ஸ்டைரீன் வளையாது, வளைச்சால் உடையும். நகத்தால் மெதுவாகத் தட்டினால் ஸ்டைரீன் கொஞ்சம் கூர்மையாகச் சத்தம் போடும். வைனில் தட்டில் லேபல் சூட்டில் தட்டோடு சேர்த்து அழுத்தப்பட்டிருக்கும். ஸ்டைரீன் தட்டு உருகிய பிளாஸ்ரிக்கை அச்சுக்குள் பாய்ச்சிச் செய்வது, லேபலைப் பிறகு ஒட்டுவார்கள், அதனால் சிலநேரம் விளிம்பில் கிளம்பும். ஒரு பாட்டு ஸ்டைரீனில் மட்டும் வந்தது எண்டு தெரிந்தால், வைனிலில் வந்த தட்டு கட்டாயம் கள்ளம். ஆனால் கவனம்: ஒரே பாட்டை இரண்டு தொழிற்சாலை அடிச்சிருந்தால் இரண்டு வகையும் உண்மையாக இருக்கலாம். ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

மூன்றாவது, லேபல். கள்ளத்தட்டின் லேபல் பெரும்பாலும் உண்மையான லேபலைப் படம் எடுத்து அச்சிட்டது. மெல்லிய எழுத்துகளின் ஓரம் மங்கும், அடைபடும். நிறம் ஒரு பிடி கூடும் அல்லது குறையும். பாட்டின் நேரம், எழுதியவர் பெயர், இலக்கம் எல்லாம் ஒரே அளவில் இருக்கோ எண்டு பார்க்கவேணும். நடு ஓட்டையின் விளிம்பையும் பார். அமெரிக்கச் சிறுதட்டுக்குப் பெரிய ஓட்டை. சின்ன ஓட்டையோடு அடிச்சுப் பிறகு பெருப்பிச்ச தட்டில் விளிம்பு சீராக இராது.

நாலாவது, காது. தட்டிலிருந்து தட்டு எடுத்தால் பழைய தட்டின் கீறல் சத்தமும் சேர்ந்து பதிந்துவிடும். மினுங்கிற புதுத்தட்டு, ஒரு கீறல் இல்லை, ஆனால் பாட்டு தொடங்க முதலே ‘சடசட’ எண்டு கேட்டால் அந்தச் சத்தம் இந்தத் தட்டினுடையது இல்லை, அதன் தாய்த்தட்டினுடையது. அடிச்சுருதி மெலிந்திருக்கும். முடிவு சிலநேரம் அவசரமாக வெட்டுப்படும்.

இதெல்லாம் தெரிந்தவர்கள் பிறகு ஒரு கட்டுப்பாடும் கொண்டுவந்தார்கள்: உண்மைத்தட்டை மட்டும்தான் போடவேணும். இன்றும் பல ஆட்ட இரவுகளின் விளம்பரத்தில் இது இருக்கும். கள்ளத்தட்டோடு போன டீஜேக்கு அவமானம்தான் மிச்சம். இத்தனைக்கும் 1970களில் பெரிய டீஜேக்களே ‘எமிடிஸ்க்’ எண்ட, ஒரு கொப்பி மட்டும் வெட்டுகிற தட்டுகளைக் கொண்டுபோய்ப் போட்டவர்கள். அதுவும் ஒருவிதக் கொப்பிதான்.

ஆர் கள்ளன்?

இந்த இடத்தில் நான் கனநாள் குழம்பினேன். கள்ளத்தட்டுக்காரன் கள்ளன் எண்டதில் சந்தேகமில்லை. பாடியவரின் உழைப்பை எடுத்தான், காசு கொடுக்கவில்லை, சிலவேளை பெயரையும் மாற்றினான். ஆனால் உண்மைத்தட்டை இலட்சக்கணக்கில் வாங்கி விற்பவரும் பாடியவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. சட்டப்படி அவரில் பிழையில்லை. பாடியவரின் பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டு பேரிடமிருந்தும் வந்தது பூச்சியம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. கள்ளத்தட்டு இல்லாவிட்டால் விகனின் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள் அந்தப் பாட்டை வீட்டில் கேட்டிருக்க மாட்டாள். எங்கட வீடுகளில் இருந்த கசெற்றுகளை நினைச்சுப் பாருங்கோ. பட்டியல் எழுதிக் குடுத்து, றெக்கோடிங் பாரில் பதிந்து வாங்கினதுதானே கனக்க. அதில் பாடகரின் பெயர்கூடப் பேனாவால் எழுதியது. அந்தக் கொப்பிகள்தான் எங்களுக்குப் பாட்டைத் தந்தன. அதனால் கொப்பி எண்டவுடன் காறித்துப்ப என்னால் முடியாது.

ஆனால் நோர்தேர்ன் சோலின் வரலாறு ஒரு விசயத்தைத் தெளிவாகக் காட்டுது. கொப்பி எடுக்கிறது ஒரு விசயம், பெயரை அழிக்கிறது இன்னொரு விசயம். எடி ஃபொஸ்டர் எண்டு அச்சடிச்ச தட்டு ஃபிராங்க் வில்சனிடமிருந்து காசை மட்டும் எடுக்கவில்லை. தன் பாட்டுக்கு இன்னொரு கண்டத்தில் ஆயிரம் பேர் ஆடுகிறார்கள் எண்டு அறிகிற வாய்ப்பையும் எடுத்தது. டெட்ரோயிட்டில் பஸ் ஓட்டிக்கொண்டோ தொழிற்சாலையில் நின்றுகொண்டோ இருந்த எத்தனை பாடகர்களைப் பொய்ப்பெயரை நம்பித் தேடியவர்கள் கண்டுபிடிக்காமலே விட்டிருப்பார்கள்?

பெயர் சரியாக இருந்த இடங்களில் என்ன நடந்தது எண்டு பாருங்கோ. மேஜர் லான்ஸ் 1972இல் ஸ்டோக்கின் டோர்ச்சுக்கு வந்து நேரிலேயே பாடினார், அந்த இரவின் பதிவு இசைத்தட்டாகவும் வந்தது. எட்வின் ஸ்டார் இங்கிலாந்திலேயே குடியேறி, 2003இல் இறக்கும்வரை இந்த ரசிகர்களுக்குப் பாடிக்கொண்டிருந்தார். 1964இல் டாம்ஸ் குழு பாடிய ஒரு பாட்டு இந்த ஆட்ட அறைகளின் தயவில் 1971இல் முறைப்படி மறுவெளியீடாகிப் பிரித்தானியாவின் முதலிடத்துக்குப் போனது.

1982இல் லண்டனில் கென்ட் என்ற வெளியீட்டு முத்திரை தொடங்கியது. ஏடி குரோஸ்டெல் என்ற சேகரிப்பாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் உரிமையாளர்களைத் தேடிப்பிடித்து, முறையாக அனுமதி வாங்கி, பழைய பாட்டுகளை வெளியிட்டார்கள். பழைய நிறுவனங்களின் ஒலிநாடாக்களைக் கிளறி, ஒருபோதும் தட்டாக வராத பாட்டுகளையும் எடுத்தார்கள். உறைக்குள் ஒவ்வொரு பாட்டும் எங்கே பதிந்தது, ஆர் எழுதினது, ஆர் பாடினது எண்டு விபரம் போட்டார்கள். கேட்கிறவருக்குப் பாட்டும் வந்தது, பாடியவருக்குப் பெயரும் உரிமைக்காசுக்கு ஒரு வழியும் வந்தது. கள்ளத்தட்டுக்கும் இலட்சம் பவுண் தட்டுக்கும் நடுவில் இப்படி ஒரு மூன்றாவது பாதை இருந்திருக்கு.

தட்டைச் சரிச்சுப் பிடிச்சு அந்த வெறும் வளையத்தில் முத்திரை தேடுகிறவர்களைப் பார்த்து நான் முதலில் சிரிச்சேன். பாட்டைக் கேட்காமல் பிளாஸ்ரிக்கைப் பார்க்கிறாங்கள் எண்டு. காசுக்காகவே பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் அந்த வேலை இல்லாவிட்டால் எந்தத் தொழிற்சாலை, எந்த வருடம், எந்த நிறுவனம், கடைசியில் எந்தப் பாடகர் எண்ட சங்கிலி எங்களுக்குக் கிடைச்சிருக்காது. இன்றைக்கு அந்தப் பாட்டை நீங்கள் கைத்தொலைபேசியில் தேடினால் ஃபிராங்க் வில்சன் எண்ட பெயரோடுதான் வரும்.

எங்கட பக்கத்திலும் அட்டை கிழிந்த, பெயர் அழிந்த கசெற்றுகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கு. ஊர்க் கலைஞர் பாடினது, கோயில் திருவிழாவில் பதிந்தது, நாடக மேடையில் பதிந்தது. அதைக் கணினியில் ஏற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பாட்டை ஏற்ற முதல், பெட்டியில் பேனாவால் எழுதியிருக்கிறதைப் படம் எடுங்கோ. பதிந்த கடையின் பெயர், திகதி, ஊர் எதையும் விடாதேங்கோ. வீட்டில் வயசுபோன ஆராவது இருந்தால் “இது ஆர் பாடினது?” எண்டு கேட்டு எழுதி வையுங்கோ. அவருக்கு ஞாபகம் இருக்கேக்குள்ளயே கேளுங்கோ.